பங்கருக்கு மேலே பசளி

தொண்ணூறாம் ஆண்டு அரியாலையில் குண்டுவீச்சுக்குப் பதுங்க எங்கள் வளவுக்குள் பங்கர் வெட்டினோம். பனங்குற்றி அடுக்கி மேலே மண் போட்டால் குண்டுக்கும் காவல், பசளிக்கீரையும் நடலாம் என்பது என் கணவரின் எண்ணம். தோட்டக்காரர் அல்லவா, பாத்தி கட்டுவதுபோலக் குற்றிகளை மட்டம் பார்த்து அடுக்கினார்.

"பாத்தியிலை தண்ணி நிக்கவேணும், கூரையிலை நிக்கக்கூடாது. ஒரு பக்கத்தை உயர்த்துங்கோ" என்றேன்.

"பிறகு பாப்பம்."

"மண் போட்டாப் பிறகு என்னத்தைப் பாக்கிறது?" என்று குற்றியில் ஏறி இருந்துவிட்டேன். முணுமுணுத்தபடி எல்லாவற்றையும் இறக்கி, சரிவாக அடுக்கி, தார்ப்பாயும் விரித்து மண் போட்டார். பக்கத்து வீட்டு அண்ணையின் பங்கர் மட்டமாகவே இருந்தது. கீரையும் அங்கேதான் செழிப்பு.

மாரி வந்தது. ஒருநாள் கொட்டும் மழையில் குண்டு போட வந்த பொம்மர் இரைய, அண்ணை குடும்பத்தோடு எங்கள் பங்கருக்குள் ஓடிவந்தார். அவர்களுடையதில் கூரை ஒழுகி முழங்காலளவு தண்ணீர். இரைச்சல் அடங்கி வெளியே வந்து பார்த்தால், நனைந்த கரை இடிந்து, அந்தக் கூரை கீரையோடு உள்ளே விழுந்து கிடந்தது.

அண்ணை எங்கள் பங்கரைச் சுற்றிவந்து பார்த்தார். பிறகு என் கணவரிடம், "நல்லாத்தான் கூரை போட்டிருக்கிறாய், தம்பி" என்றார்.

"நான் பாத்திதான் கட்டினனான், அண்ணை. கூரை போட்டது இவ."

அதன்பிறகு இடம்பெயர்ந்து எத்தனையோ வீடுகளில் இருந்துவிட்டேன். என்னுடையது என்று நான் சொல்லிக்கொள்வது அந்தக் கூரையை மட்டுந்தான்.