மண் தின்னாத உடம்பு

கலிரோய் இரண்டு வாரமாகவே பயத்தோடு நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். கணவர் ஸ்டமாடிஸைப் புதைத்து மூன்று வருஷம் ஆகிவிட்டது. அந்தத் தீவுக் கிராமத்தில் கல்லறைக்கு இடம் கொஞ்சம். மூன்றாம் வருஷம் தோண்டி, எலும்பை ஒயினில் கழுவிப் பெட்டியில் வைத்துவிட்டு, குழியை அடுத்தவருக்கு விட வேண்டும். எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். அவள் பயம் வேறு.

பல வருஷங்களுக்கு முன் மகன் லெஃப்தெரிஸ் கடற்கரையோரம் இருந்த ஒலிவத் தோப்பில் விடுதி கட்ட அஸ்திவாரம் தோண்டியபோது பழங்காலத் தூண் ஒன்று தலைகாட்டியது. ஊரில் மற்றவர்களாக இருந்தால் கான்கிரீட்டைக் கொட்டி மூடிவிட்டு வாயையும் மூடிக்கொண்டிருப்பார்கள். ஸ்டமாடிஸ் பிழைக்கத் தெரியாத மனுஷர். தொல்லியல் அலுவலகத்துக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். வந்தார்கள், வேலி போட்டார்கள், போச்சு! இன்று நீச்சல் உடையோடு வெளியூர்க்காரர்கள் அந்தத் தூணைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

படகுத்துறையில் ஊரே பார்க்க லெஃப்தெரிஸ் அப்பாவிடம் கத்தினான்: "நீ செத்தாலும் மண்ணு உன்னைத் தின்னக் கூடாது!" அந்தத் தீவில் அதைவிடக் கொடிய சாபம் கிடையாது. ஆஸ்திரேலியாவுக்குப் போனவன் சாவுக்கும் வரவில்லை. இப்போதுதான் வந்திருக்கிறான், தலை நரைத்து.

"அம்மா, அப்பா உடம்பு கரைஞ்சிருக்கும்ல?" என்று கல்லறைக்குப் போகும் வழியில் கேட்டான்.

"கரையாம என்ன? பேசாம வா."

பாதிரியார் ஜெபம் சொல்ல, குழிவெட்டி மண்ணை அள்ளினான். பலகையை நீக்கியவன் நிமிர்ந்து, "உடம்பு இன்னும் கரையல" என்றான். களிமண்ணாக இருக்கலாம், ஆஸ்பத்திரி மருந்தாக இருக்கலாம். யார் கேட்கிறார்கள்? பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டு லெஃப்தெரிஸையே பார்த்தார்கள்.

"பெத்த புள்ள வாக்கு சும்மா போகுமா?" என்றாள் பக்கத்து வீட்டு ஆர்கிரோ.

அவன் முகம் வெளிறியது. ஏதோ சொல்ல வாயெடுத்தான். கலிரோய் முந்திக்கொண்டாள்.

"அவனை ஏன்டி முறைக்கிறீங்க? சபிச்சது நான்! அந்தத் தோப்பு எங்கப்பா எனக்குக் குடுத்த சீதனம். என்னை ஒரு வார்த்தை கேக்காம அந்த மனுஷன் போன் போட்டாரு. பக்கத்துல படுத்துக்கிட்டே தினமும் சபிச்சேன்."

சீதனம் என்பது நிஜம், சபித்தது பொய். அந்த மனுஷரை அவள் ஒருநாளும் கடிந்து பேசியதில்லை. சபித்தவரே மன்னித்தால்தான் மண் ஏற்கும் என்பது ஊர் வழக்கம். பாதிரியார் அவளைக் குழியருகே கூப்பிட்டார். "மன்னிச்சுட்டேன், மண்ணு உங்களை ஏத்துக்கட்டும்" என்று மூன்று தரம் சொன்னாள். குழியை மறுபடி மூடினார்கள்.

திரும்பும் வழியில் லெஃப்தெரிஸ் நின்றுவிட்டான்.

"அம்மா, மன்னிச்சுட்டேன்னு சொல்லத்தான் நான் இவ்வளவு தூரம் வந்தேன்."

அவளுக்குச் சுரீரென்றது. "ஐயோ! வாடா, இப்பவே போய்ச் சொல்லிடலாம்."

"ஊர் முன்னால சபிச்சேன், ஊர் முன்னாலதான் சொல்லணும். உன்னைப் பொய்க்காரியாக்கிட்டு எப்படிம்மா சொல்லுவேன்?"

அந்த வார்த்தையைச் சொல்லாமலே மறுநாள் படகுக்கு அவன் கிளம்பிவிட்டான்.