ஸ்டெல்லாவின் வலது கை

செவ்வாய்க்கிழமை காலை நான் பானை வனையும் சக்கரத்தின் முன் உட்கார்ந்திருந்தபோது ஸ்டெல்லாவின் தம்பி போன் செய்தான். "அக்கா பூட்டாங்க, வனிதாக்கா. டயாலிசிஸ் ஓடிக்கினு இருக்கும்போதே..." என்றான்.

அவளை அறிந்த உங்களுக்குச் சேரப்பணஞ்சேரியில் உள்ள எங்கள் தகரக் கொட்டகை தெரியும். ஒரகடம் தொழிற்சாலை ஒன்றில் ஒரே லைனில் நின்றவர்கள் நாங்கள். அந்த லைனை மூடியபோது இருவரும் சேர்ந்து ஆரம்பித்த மண்பாண்டப் பட்டறை அது. மண் பிசைவது அவள் வேலை, வனைவது என் வேலை. உள்ளே காற்று தங்கினால் சூளையில் பாத்திரம் வெடித்துவிடும். அதனால் பிசைந்ததை அறுத்துப் பார்க்காமல் என்னிடம் தரமாட்டாள்.

பிறகு அவளுடைய சிறுநீரகங்கள் செயலிழந்தன. டயாலிசிஸுக்காக இடக்கையில் இரண்டு ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்தார்கள். அந்தக் கைக்கு வேலை கொடுக்கவே கூடாது என்றார் டாக்டர். தையல் ஆறியதும் பட்டறைக்கு வந்து நின்றாள்.

"வூட்டுக்குப் போய்ப் படு" என்றேன்.

"படுத்தா பயமா கீதுடி. உன் இடக்கையக் குடு."

அவளது வலக்கையும் எனது இடக்கையும் ஒரே மண்ணை அழுத்தின. மண் பக்கவாட்டில் பிதுங்கி ஓடியது. "இன்னா, சண்டையா போடுற? என்கூட மூச்சு வுடு" என்றாள். மெல்ல மெல்லப் பழகிக்கொண்டோம்.

போன மழையில் கொட்டகைக்குள் தண்ணீர் புகுந்தது. ஸ்ரீபெரும்புதூர் ஓட்டல் ஒன்றுக்காகச் செய்து காயவைத்த கோப்பைகள் அத்தனையும் சேறாயின. ஸ்டெல்லாவின் அம்மாவுடைய சிறுநீரகம் அவளுக்குப் பொருந்தாது என்று தெரிந்ததும் அதே வாரம்தான். நான் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் வாளியை எடுத்து வந்தாள்.

"சுடாத மண்ணுதானே. கரைஞ்சாலும் திரும்பி வரும். நாந்தான் வர மாட்டேன். எய்ந்திரு."

நான் எழுந்து சேற்றை வாளியில் அள்ளினேன். வடிகட்டி, உலர்த்தி, மறுபடி பிசைந்தோம். சூளையிலிருந்து எடுத்த முதல் கோப்பையில் அவளுக்குக் காப்பி குடிக்க ஆசை. ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று டாக்டர் அளவு வைத்திருந்தார். ஒரு வாய் குடித்துவிட்டு மீதியை என்னிடம் நீட்டினாள்.

அவள் இறப்பதற்கு முந்தின நாள் நாங்கள் பிசைந்த உருண்டை பலகைமேல் இருக்கிறது. அவள் உள்ளங்கை அதில் பதிந்திருக்கிறது, பக்கத்தில் என்னுடையது. உள்ளே குடையாத கனத்த உருண்டை, அப்படியே சுட்டால் வெடிக்கும். விட்டுவிட்டால் காய்ந்து பிளக்கும். பிசைந்தால் அவள் கை அழியும். என்ன செய்வதென்று தெரியாமல் தினமும் ஈரத்துணி மாற்றிக்கொண்டிருக்கிறேன். துணி பட்டுப் பட்டு அவள் விரல்களின் விளிம்பு மழுங்கத் தொடங்கிவிட்டது. அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இதுதான்.