காத்திருக்கும் நேரம்: 0

பூஜ்யத்தைப் பார்த்து முதலில் நடுங்கியது பள்ளிக் கணக்குத் தாளில். அடுத்தது ஒரகடத்தில், உதிரிப்பாகம் செய்யும் ஒரு ஷெட்டின் அலுவலக அறையில். தகட்டை அழுத்தி வடிவமாக்கும் பிரஸ் இயந்திரத்தின் ஸ்கிரிப்ட் கோப்பை என் மடிக்கணினியில் எங்கள் நிரலோடு ஓட்டிப் பார்த்தேன். "காத்திருக்கும் நேரம்: 0" என்றது திரை. வெளியே அதே பிரஸ்ஸில், லைனில் வேலை பார்க்கும் அக்கா தகடு வைத்துக்கொண்டிருந்தார். வைத்ததும் அவர் கையை எடுக்க இரண்டு நொடி பொறுத்துத்தான் பிரஸ் இறங்க வேண்டும்.

இயந்திரத்தை ஓட்டுவது எங்கள் கம்பெனி எழுதிக்கொடுத்த சி மொழி நிரல். பராமரிப்பு ஆட்கள் மாற்றிக்கொள்ள வசதியாக நொடிக் கணக்கை மட்டும் ஸ்கிரிப்டில் வைத்திருந்தோம்; நிரல் பெயர் சொல்லிக் கேட்கும், ஸ்கிரிப்ட் மதிப்பைத் தரும். அன்று காலை யாரோ அந்தப் பெயருக்கு முன்னால் 'லோக்கல்' என்று சேர்த்திருந்தார்கள். சேர்த்தால் அந்தப் பெயர் கோப்புக்கு வெளியே தெரியாது. நிரல் கேட்டது, ஒன்றும் கிடைக்கவில்லை, சரி, பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டது.

ஓடினேன். தொப்பையும் அளவில் பெரிய சேஃப்டி ஷூவும் முன்னே போக, நான் பின்னால் வந்து சேர்ந்தேன். சிவப்புப் பொத்தானை ஒரு குத்து. லைனே நின்றது.

"இன்னா சார், மூஞ்சி வெளுத்துகினு கீது? பாம்பு வந்துச்சா?" என்றார் அக்கா.

அப்போதுதான் உறைத்தது. நிரல் அந்தக் கோப்பைப் படிப்பது இயந்திரம் கிளம்பும்போது மட்டும். இதுவரை பழைய இரண்டு நொடியோடு ஒழுங்காகத்தான் ஓடியிருக்கிறது. நிறுத்திப் பூஜ்யத்துக்கு வழிவிட்ட மகான் நானேதான்.

"டார்கெட் போச்சு!" என்று கத்திக்கொண்டே வந்த சூப்பர்வைசர் சுவிட்சைப் போட்டார். அக்கா கையிலிருந்த தகட்டைப் பிடுங்கி நெஞ்சோடு கட்டிக்கொண்டேன்.

"வெச்சா... உடனே எறங்கிடும்க்கா."

"காலைலேர்ந்து நல்லாதானே ஓடுச்சு? நீ வையிம்மா," என்றார் சூப்பர்வைசர்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பொய்யா இப்டி நடுங்க முடியாதுண்ணா. நான் கை வெக்க மாட்டேன்."

"மெமோ குடுப்பேன்."

"குடு."

நீண்ட இடுக்கியில் தகட்டைப் பிடித்து உள்ளே நீட்டினார். வைத்த கணமே பிரஸ் இறங்கியது. இடுக்கியின் மூக்கு அப்பளமானது. சூப்பர்வைசர் தானே போய் சுவிட்சை அணைத்தார்.

"உள்ள போவ இருந்தது என் கை. நீ எதுக்கு சார் ஆடிகினு கீற? குந்து," என்று ஸ்டூலை என் பக்கம் தள்ளிவிட்டு, அக்கா தரையில் உட்கார்ந்தார். தன் பத்து விரலையும் ஒவ்வொன்றாக மடக்கி எண்ணிப் பார்த்தார்.

இப்போதெல்லாம் பெயர் கிடைக்காவிட்டால் எங்கள் நிரல் எதையும் ஊகிப்பதில்லை. இயந்திரத்தைக் கிளம்பவே விடாது. "உங்க மிஷின் சரியான பயந்தாங்கொள்ளி சார்," என்று பராமரிப்பு ஆட்கள் போனில் அலுத்துக்கொள்கிறார்கள்.

பின்னே, வளர்த்தது யார்?