அவர் கேட்டிராத கேள்வி

1987 செப்டம்பர் 18, வெள்ளிக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டு வாசலில் பால்காரர் சைக்கிளை நிறுத்தினார். முந்தின நாள் மாலை என் அண்ணனைப் போலீஸ் வேனில் ஏற்றியதைப் பார்த்ததாகச் சொன்னார்.

இட ஒதுக்கீட்டுக்காகச் சாலை மறியல் நடந்த வாரம் அது. வெட்டிய மரங்கள் சாலைகளில் கிடந்தன, பஸ் ஓடவில்லை. கல்வராயன் மலையில் ஒரு பள்ளியில் ஆசிரியராக இருந்த அண்ணன், காய்ச்சலில் கிடந்த அம்மாவைப் பார்க்க நடந்தே இறங்கியிருக்கிறார். மறியல் செய்தவர்களைத் தாண்டும்போது அவர்களோடு சேர்த்து அவரையும் ஏற்றிவிட்டார்கள். எங்கே கொண்டுபோனார்கள் என்பது பால்காரருக்குத் தெரியவில்லை. அப்பா இல்லாத வீடு எங்களுடையது.

மாடி அறையில் ஒருவர் குடியிருந்தார். பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் காவல்துறையைப் பற்றிப் பாடம் நடத்தியவர். ஆய்வு நூல்கள் எழுதியவர். காவலர் பயிற்சிக்கும் வகுப்பெடுத்தவர். அந்த வேலையை விட்டுவிட்டு, அந்த ஜூன் மாதம்தான் ஒரு நாளிதழின் நிருபராக எங்கள் ஊருக்கு வந்திருந்தார். ஏன் என்று அம்மா ஒருமுறை கேட்டதற்கு, தான் எழுதியவற்றில் போலீஸ் இருக்கிறது, சட்டம் இருக்கிறது, ஆள்தான் இல்லை என்றாராம். அவர் செய்தியைப் படித்தால் பரீட்சைக்குத் தயாராகிற மாதிரி இருக்கிறது என்று பேப்பர் கடைக்காரர் நேருக்கு நேராகவே கிண்டல் செய்வார். அவரும் சிரித்துக்கொள்வார்.

நான் மாடியேறி விவரம் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. இருபத்துநாலு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தியாக வேண்டும், மாலைக்குள் தகவல் வந்துவிடும், அலைய வேண்டாம் என்றார். நூல் எழுதியவர் சொல்வதை அப்படியே நம்பும் வழக்கம் எனக்கு. நம்பினேன். தெருவில் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் அம்மா படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்தார். அண்ணனுக்கென்று எடுத்துவைத்த சோற்றை நாங்கள் இருவரும் தொடவில்லை.

ஐந்து மணிக்கு அவர் இறங்கி வந்தார். தகவல் எதுவும் வந்திருக்கவில்லை. அம்மா அவரிடம் கோபப்படவில்லை.

“நீங்க படிச்சவுங்க, சொன்னா சரியாத்தான் இருக்கும். புள்ள நேத்துலேர்ந்து இன்னா சாப்ட்டான்னு மட்டும் கேட்டுச் சொல்றீங்களா?”

அவர் வாசலில் நின்ற தன் சைக்கிளை எடுத்தார். இத்தனை ஆண்டுகளில் எந்தக் காவல் நிலையத்திலும் இந்தக் கேள்வியைத் தான் கேட்டதில்லை என்று தாழ்ந்த குரலில் சொன்னார். பிறகு, “கிளம்பும்மா. உங்க அண்ணன் மூஞ்சி எனக்குத் தெரியாது” என்றார்.

அவர் நேராகப் போனது பஸ் நிலையத்தை ஒட்டிய ஓட்டலுக்கு. பஸ்ஸே இல்லாத நாளில் யாருக்குச் சாப்பாடு கட்டுகிறீர்கள் என்று பொட்டலம் மடிப்பவரிடம் கேட்டார்.

“காலையிலேர்ந்து கட்டிக்கினே கீறேன் சார். எல்லாம் சின்னசேலம் ரோட்டு மண்டபத்துக்கு. கல்யாணந்தான் இல்ல, பந்தி மூணு ஆயிடுச்சி.”

மண்டப வாசலில் இருந்த காவலர் அவரைக் கண்டதும் எழுந்து, தன் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார். பயிற்சியில் அவரிடம் படித்தவராம். “இன்னும் காலேஜ்லதான கீறீங்க சார்?” என்றார். ஆமாம் என்று தலையசைத்தால் போதும், உள்ளே போய்விடலாம். அவர் அசைக்க வேண்டும் என்று நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டேன்.

“இல்லப்பா. இப்ப பேப்பர்ல இருக்கேன்.”

நாற்காலியிலிருந்து காவலரின் கை விலகியது. அப்படியென்றால் உள்ளே விட முடியாது என்றார். அந்த நிமிடம் நான் அவரை வெறுத்தேன். அவரோ நகரவில்லை, மலைப் பள்ளி வாத்தியார் ஒருவர் உள்ளே இருப்பார் என்று சொல்லி, அம்மாவின் கேள்வியை மட்டும் கேட்டார். காவலர் தயங்கி, கதவைத் திறந்துகொண்டு போனார். அந்த இடைவெளியில் அண்ணன் தெரிந்தார். தூணில் சாய்ந்து, வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். பத்தடி தூரம். ஆனால் எனக்குக் குரல் எழவில்லை. கதவு சாத்திக்கொண்டது. மலை வாத்தியார் பொட்டலச் சோறு சாப்பிட்டார் என்று காவலர் வந்து சொன்னார்.

திரும்பும்போது அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார். “எத்தனை பேர்னு எழுதிடலாம். யார் யார்னு எப்படி எழுதுறது?” என்றார், தனக்குத்தானே.

அண்ணன் வீடு திரும்ப ஒன்பது நாளாயிற்று. அடுத்த ஆண்டு அந்த நாளிதழ் அவரை வேறு மாவட்டத்துக்கு மாற்றிவிட்டது. கல்லூரிக் கடைசி ஆண்டில் இருக்கும் இன்றும் நூலகத்தில் முதலில் அந்த நாளிதழைத்தான் எடுக்கிறேன். ‘நமது நிருபர்’ என்று மட்டுமே போடுவார்கள். ஆட்களின் பெயர்கள் நிறைய இருக்கும் செய்தி அவருடையதாக இருக்கும் என்று நானே முடிவுசெய்துகொண்டு இரண்டு முறை படிக்கிறேன். தெரிந்ததையே சொல்வதற்கும் தெரியாததைப் போய்க் கேட்பதற்கும் உள்ள தூரத்தை அவர் கடந்ததை அருகிலிருந்து பார்த்தவள் நான்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு மறுநாள் காலை ஆறு மணிக்கு, அம்மாவிடம் சொல்லிவிட்டுத் தனியாக மண்டபத்துக்கு நடந்தேன். பின்பக்கச் சன்னலுக்குக் கீழே நின்று, வாழ்க்கையில் முதல் முறையாகத் தெருவில் உரக்க, “அண்ணா” என்று கூப்பிட்டேன். அண்ணனுக்கு முன்னால் வேறு முகங்கள் கம்பிக்கு வந்தன. “எங்க வூட்டுலயும் சொல்லிடும்மா” என்றார் ஒருவர். ஒவ்வொருவரிடமும் பெயரும் ஊரும் கேட்டுக் கல்லூரி நோட்டில் எழுதினேன். அண்ணன் எல்லாரையும் முன்னால் விட்டுக் கடைசியாக வந்தார். அவர் பெயரையும் எழுதிக்கொண்டு, ஏழு மணிக்கெல்லாம் வீட்டு மாடிப்படி ஏறி, நிருபரின் கதவைத் தட்டினேன்.