இடப்பக்கம் இழுக்கும் கார்

அப்போதெல்லாம் தினமும் காலை ஆறே முக்காலுக்கு என் மனைவி பூங்கொடி, வாசலில் கழுவித் துடைத்து நிற்கும் எங்கள் காரைச் சுற்றிக்கொண்டு போய், தெருமுனையில் காத்திருக்கும் தோழியின் காரில் ஏறிக்கொள்வாள், அதுவும் ஏழு மாத வயிற்றோடு. நான் காபித் தம்ளரும் கையுமாக நின்று வழியனுப்புவேன். சண்டையெல்லாம் ஒன்றும் இல்லை. என்னோடு சிரித்துப் பேசுவாள், ஒரே தட்டில் முறுக்குத் தின்போம். என் காரில் மட்டும் ஏற மாட்டாள்.

பூங்கொடி மலேசியாவில் இந்த ஈஜோக்கிலேயே பிறந்து வளர்ந்தவள். ரவாங்கில் கையுறைத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை. ஓட்டைக் கையுறையைக் கண்டுபிடிப்பதற்காகவே சம்பளம் வாங்குகிறவள். நான் துறையூர்ப் பக்கத்துக் கிராமத்தான். ஆறு வருடங்களுக்கு முன் வேலைக்கு வந்து, கோயில் திருவிழாவில் இவளைப் பார்த்து, இங்கேயே தங்கிவிட்டவன். இத்தனை நாளும் கம்பெனி பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தேன். பிள்ளை வரப்போகிறதே என்று பழைய கார் ஒன்றை வாங்கினேன். வாங்கிய இரண்டாவது மாதமே அது நடந்தது. கோலசிலாங்கூர் போகும் வழியில், எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று எதிரில் வந்தது. லோரி பாட்டுக்கு அதன் வழியில்தான் வந்தது. எங்கள் கார்தான் இடப்பக்கம் நழுவி, தாரை விட்டு இறங்கி, லோங்கானுக்கு இரண்டு சாண் தூரத்தில் நின்றது. இங்கே லோங்கான் என்றால் சாக்கடை. தோட்டத்து ரோட்டோரத்து லோங்கானில் ஓர் ஆள் நின்றால் தலை தெரியாது. லோரிக்காரத் தமிழர் நிறுத்தி எட்டிப் பார்த்தார்.

“என்னாண்ணே, லைசென்ஸ் எங்க எடுத்தீங்க?”

“ஊர்க்காரருங்க, கோவிச்சுக்காதீங்க” என்றாள் பூங்கொடி எனக்கு முந்தி. இந்நாட்டுத் தமிழர் வாயில் ஊர்க்காரர் என்றால் இந்தியாவிலிருந்து வந்தவர். இதைப் படிக்கும் ஊர்க்காரர்கள் யாருக்கும் இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் தீர்ப்புச் சொன்னாள். “பிள்ள பொறக்கறப்ப உங்க காடில நான் போமாட்டேன். வாடகைக் காடி கூப்பிட்டுக்கறேன் லா.”

“கார் இடப்பக்கம் இழுக்குது, நான் என்ன செய்ய?”

“இழுக்குதுன்னா ரிப்போர்ட் காட்டுங்க.”

வொர்க்‌ஷாப்பில் மெஷினில் ஏற்றி, எல்லாம் பச்சையாக ஒரு தாளை அச்சடித்துக் கொடுத்தார்கள். சீன மெக்கானிக் என் தோளில் தட்டி, “கிரேத்தா ஓக்கே, போஸ்” என்றார். காரைத்தான் சொன்னார். மற்றதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அவருடைய மெஷின்மேல் நம்பிக்கை போயிற்று. இணையத்தில் தேடி ஒரு கருவி வரவழைத்தேன். மூன்று கால் வைத்த அலுமினியத் தகடு, அவ்வளவுதான். ரிம்மில் அதை அழுத்தி, நடுவில் போனைச் செருகினால், சக்கரம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று டிகிரிக் கணக்கில் போனே சொல்லிவிடும்.

முதலில் மட்டமான தரை வேண்டும் என்றது போன். இந்த மழை நாட்டில் எவன் வாசலை மட்டமாகக் கட்டுகிறான்? தண்ணீர் ஓட எல்லாமே சரிவுதான். சமையலறைக்குப் போட்டு மிஞ்சிய தரை ஓடுகளைத் தாழ்ந்த பக்கத்துச் சக்கரங்களுக்கு அடியில் அடுக்கி, காரை ஏற்றி நிறுத்தினேன். பக்கத்து வீட்டு மலாய்க்காரர், ஓய்வு பெற்ற மனிதர், வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார். போனும் கையுமாகச் சக்கரத்தருகே குந்தியிருப்பவன் விற்பதற்குப் படம் எடுக்கிறான் என்றே எடுத்துக்கொண்டு விலை கேட்டார். விற்கவில்லை, அளக்கிறேன் என்று என் அரைகுறை மலாயில் சொன்னேன். உடனே உள்ளே போய் அளவு நாடாவோடு வந்து, என்னை ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி, காரின் நீளத்தை அளந்து, “மூன்று மீட்டர் அறுபத்தெட்டு” என்று அறிவித்துவிட்டுத் திருப்தியாகத் திரும்பிப் போனார். அன்று எனக்குக் கிடைத்த நிம்மதியான ரிப்போர்ட் அது ஒன்றுதான்.

ஏனென்றால் சக்கரங்களில் ஒரு குற்றமும் இல்லை. ஆறு தடவை அளந்தேன். இடது, வலது இரண்டும் ஒன்றுபோலவே காட்டின. சொந்தக் கார் கோணலாக இருக்க வேண்டுமே என்று ஒரு மனிதன் குலதெய்வத்தைக் கூப்பிட்டது அன்று ஒரு நாளாகத்தான் இருக்கும். எண்களை அழித்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். அதற்குள் பூங்கொடி வந்து பார்த்துவிட்டாள்.

“சக்கரத்த அளந்துட்டீங்க. ஸ்டியரிங்க அளந்தீங்களா?”

போனை வாங்கி, ஸ்டியரிங் நடுவில் கறுப்பு டேப்பால் ஒட்டி, பூஜ்யத்தில் வைத்தாள். நோட்டும் பேனாவுமாக முன்சீட்டில் ஏறி, வயிற்றுக்குக் கீழே பெல்ட்டை இழுத்து மாட்டினாள். “டெஸ்ட்டுக்கு மட்டும்தான், சந்தோசப்படாதீங்க” என்றாள். கம்போங் குவாந்தான் பக்கம் நேர் ரோட்டில் ஓட்டினேன். எதிரில் கார் வந்தது, பூஜ்யம். மோட்டார் சைக்கிள், பூஜ்யம். லோரி வந்தது. “இடது ஆறு டிகிரி” என்று எழுதிக்கொண்டாள். அடுத்த லோரிக்கும் இடது ஆறு. ஐந்து லோரிக்கும் ஐந்து தடவை. சத்தியமாகச் சொல்கிறேன், என் கை திரும்பியது எனக்கே தெரியாது.

ஊரில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். எங்கள் கிராமத்து ரோடு ஒரு வண்டி போகும் அகலம். எதிரில் பஸ் வந்தால் இடப்பக்கச் சக்கரத்தை மண்ணில் இறக்கி வழிவிட வேண்டும். இறக்காதவன் திமிர் பிடித்தவன். நான் ஓட்டப் பழகிய நாளில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, “எறங்கு, எறங்கு” என்று தொடையில் அடித்தே அதை உள்ளே ஏற்றினான். அங்கே தாருக்கு அந்தப் பக்கம் மண் இருக்கிறது. இங்கே லோங்கான் இருக்கிறது. கடல் தாண்டி வந்த எனக்குத் தெரிந்த அது, என் கைக்கு மட்டும் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயமாக இருந்தது. முகம் பார்க்காத பிள்ளையையும் சேர்த்தல்லவா இறக்கப் பார்த்திருக்கிறேன்!

அதன்பின் தினமும் சாயங்காலம் அதே டேப், அதே நோட்டு. லோரி தெரிந்தால், “நேரா” என்பாள். ஆறு நாலாயிற்று, நாலு இரண்டாயிற்று. இரண்டிலேயே பல நாள் நின்றது. ஒரு காலையில் அவளுக்கு வலி கண்டது. வாடகைக் காரைக் கூப்பிட நான் போனை எடுத்தேன். “அத ஸ்டியரிங்ல ஒட்டுங்க” என்று சொல்லிவிட்டு, எங்கள் கார்க் கதவைத் திறந்து ஏறினாள். ஆஸ்பத்திரி போகும் வழியில் மூன்று லோரிகள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு, “நேரா” என்றாள். மூன்றாவது தாண்டியதும், “பூஜ்யம்” என்றாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மதியம் மகள் பிறந்தாள்.

மகளுக்கு ஐந்து மாதமானபோது ஊருக்குப் போனோம். அண்ணன் தன் காரை என்னிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். பின்சீட்டில் பூங்கொடியும் பிள்ளையும். அதே ஒற்றை ரோடு. எதிரில் டவுன் பஸ்.

“எறங்குடா!” என்று தொடையில் அடித்தான் அண்ணன்.

“நேரா!” என்றாள் பின்னாலிருந்து பூங்கொடி.

என் கை நேராக நின்றது. பஸ்ஸும் காரும் முட்டாத குறையாக நின்றன. டிரைவர் தலையை நீட்டி, “எந்த ஊருய்யா நீ?” என்று கத்தினார். நான் வாயைத் திறப்பதற்குள் என் சொந்த அண்ணன் ஜன்னலை இறக்கி, கும்பிட்டுச் சொன்னான்.

“மலேசியாக்காரருங்க, கோவிச்சுக்காதீங்க.”

பின்சீட்டில் பூங்கொடி சிரித்த சிரிப்பில் பிள்ளை விழித்துக்கொண்டது. இடப்பக்கச் சக்கரங்களை மண்ணில் இறக்கினேன். வலப்பக்கம் தாரில் நிற்க, பஸ் தாண்டிப் போகும்வரை கோணலாகவே உட்கார்ந்திருந்தோம்.