ஏழுமலை அண்ணன் வேனில் இருந்தது ஓடைத் தண்ணீர்

ஏழுமலை அண்ணன் போயிட்டார். நேத்து சாயங்காலம் கல்வராயன் மலையிலிருந்து இறங்கும்போது, மழையில வேன் சறுக்கிப் பள்ளத்துல விழுந்துடுச்சு.

இது அப்பாவோட ஐடி. எழுதுறது அவர் பொண்ணு தமிழ்ச்செல்வி, ப்ளஸ் ஒன். "நீயே எழுதும்மா"ன்னு அப்பாதான் போனைக் கொடுத்தார்.

வேன் ஸ்டாண்ட்ல இருக்கிறவங்க பாதிப் பேர் அப்பாவோட ஃப்ரெண்ட்ஸ் லிஸ்ட்ல இருக்கீங்க. காலையில இருந்து உங்க கமெண்ட் எல்லாத்தையும் படிச்சேன்.

"சவாரி இல்லாம காலி வண்டிய எடுத்துக்கினு மழையில ஏன் மேல போனான்?" "வேன்ல வெள்ளைக் கேன் கிடந்துச்சாம்... அப்புறம் இன்னா, சாராயம்தான்."

சாராயம் இல்லை. எங்க ஸ்கூல் நேச்சர் கிளப்புக்காக அவர் எடுத்துட்டு வந்த ஓடைத் தண்ணீர். எடுத்துட்டு வரச் சொன்னது நான்.

மாசம் ஒரு சனிக்கிழமை எங்க பயாலஜி டீச்சர் எங்களைக் கரியாலூர் பக்கத்துல ஒரு ஓடைக்குக் கூட்டிட்டுப் போவாங்க. எப்பவும் ஏழுமலை அண்ணன் வேன்தான். ஓடையில கல்லைப் புரட்டி, என்னென்ன பூச்சி இருக்குன்னு லென்ஸ்ல பார்த்து எழுதுவோம். சில பூச்சிங்க சுத்தமான தண்ணியிலதான் இருக்கும்.

முதல் தடவை போனப்ப அண்ணன் டீ குடிச்சிட்டு பேப்பர் கப்பை ஜன்னல் வழியா வீசினார். பின் சீட்டுல இருந்து ஆறாம் வகுப்பு ரம்யா, "வண்டிய நிறுத்துங்க!"ன்னு கத்தினா. யாரோ விழுந்துட்டாங்கன்னு நினைச்சு பிரேக் போட்டார்.

ரம்யா கத்தினது அந்தக் கப்புக்காகத்தான்னு தெரிஞ்சது. அப்புறம் கப் விழுந்த வளைவு வரைக்கும் வண்டியைப் பின்னாடியே எடுத்து, இறங்கி, கப்பை எடுத்துட்டு வந்தார். "ஒரு டீ கப்புக்கு ரிவர்ஸ் எடுத்தவன் இந்த மலையிலயே நான் ஒருத்தன்தான். வெளிய சொல்லிடாதீங்கமா, ஸ்டாண்ட்ல மானம் போயிடும்."

அடுத்த மாசம் அவரே கைலியை மடிச்சுக் கட்டிக்கிட்டு ஓடையில இறங்கிட்டார். மேஃபிளைங்கிற ஓடைப் பூச்சியோட குஞ்சை லென்ஸ்ல பார்த்துட்டு, "டீச்சர்! மூணு வாலு இருக்குதுங்க!"ன்னு போட்ட சத்தத்துல கரையில இருந்த கொக்கு பறந்துடுச்சு. "உங்களைச் சேர்க்கணும்னா அட்மிஷன் போடணும்"னு டீச்சர் சிரிச்சாங்க. "எட்டாவது ஃபெயிலுங்க, பரவாயில்லையா?"ன்னு கேட்டார்.

அந்த வெள்ளைக் கேன் அவர் செஞ்சு கொடுத்தது. மேல் பக்கத்தை அறுத்து, உள்ளே நாங்க தண்ணி புடிக்கிற அஞ்சு பாட்டிலும் சாயாம நிக்கிற மாதிரி அட்டை வெச்சிருப்பார். தூரத்துல இருந்து பார்த்தா உங்களுக்கு வேற மாதிரி தெரிஞ்சிருக்கும்.

நாளைக்கு எங்க ஸ்கூல்ல கண்காட்சி. அதுக்காக எடுத்து வெச்சிருந்த ஓடைத் தண்ணீர் பாட்டில்ல நான் லேபிள் ஒட்டலை. அப்புறம் ஒட்டிக்கலாம்னு கிளாஸ் ஜன்னல்ல வெச்சிருந்தேன்.

வெள்ளிக்கிழமை ஆறாம் வகுப்புப் பிள்ளைங்க, யாரோ குடிச்ச மிச்சம்னு நினைச்சு எல்லாத்தையும் புங்கங்கன்றுக்கு ஊத்திட்டாங்க. பாட்டில்ல மிச்சம் இருந்தா கன்றுக்கு ஊத்தணும்னு அவங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். "அஞ்சு பாட்டில் அக்கா!"ன்னு ரம்யா பெருமையா வந்து சொன்னா.

அவளைத் திட்டக்கூட முடியலை. டீச்சர்கிட்ட சொல்லப் பயம். நேரா அண்ணனுக்குப் போன் பண்ணினேன்.

"அண்ணே, நாளைக்கு மேல சவாரி இருக்கா? ஓடைத் தண்ணி அஞ்சு பாட்டில் வேணும்..."

"இருக்குது பாப்பா, இருக்குது. வர்ற வழிதானே, புடிச்சிக்கினு வரேன். நீ இன்னாத்துக்கு அழுவுற?"

சவாரி எதுவும் இல்லைன்னு இன்னைக்கு உங்க கமெண்ட் பார்த்துத்தான் எனக்குத் தெரியும்.

நேத்து சாயங்காலம் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். அப்படியே எழுதுறேன்.

"பாப்பா, பாட்டிலை மூணு வாட்டி அலம்பிட்டேன். தண்ணி வர்ற பக்கம் பாட்டில் வாயை வெச்சுத்தான் புடிச்சேன், டீச்சராண்ட சொல்லு. மூணு வாலு பூச்சி இந்த வாட்டி ஜாஸ்தி இருக்குது. லேபிளும் ஒட்டிட்டேன், கையெழுத்தப் பாத்து சிரிக்கக் கூடாது. எறங்கிக்கினு இருக்கேன்."

பின்னாடி மழைச் சத்தம் கேட்குது. நல்லாவே கேட்குது.

நான் ஒரு தம்ஸ் அப் போட்டேன். மழை நிக்கட்டும் அண்ணேன்னு சொல்லலை. மூணு வார்த்தை... சொல்லலை.

இன்னைக்கு அவங்க வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி செல்வி அக்கா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "எங்கிட்ட கூட சொல்லாம இன்னாத்துக்குமா மேல போனாரு? ஊரே ஒண்ணு சொல்லுதே... உனக்கு ஏதாச்சும் தெரியுமா?"ன்னு கேட்டாங்க.

தெரியாதுன்னு தலையாட்டினேன்.

ஏன் அப்படிச் செஞ்சேன்னு தெரியலை. அக்கா கையை விட்டுட்டாங்க. அதுக்கப்புறம் அங்கே நிக்க முடியலை. வீட்டுக்கு ஓடிவந்து அப்பாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன்.

இதைப் போஸ்ட் பண்ணிட்டு அப்பாவும் நானும் அவங்க வீட்டுக்குப் போறோம். அந்த வாய்ஸ் மெசேஜை அக்கா கேட்கணும். என்னை அடிச்சாலும் பரவாயில்லை.

கேன் இன்னும் அந்தப் பள்ளத்துல கிடக்குதுன்னு சொல்றாங்க. ஸ்டாண்ட் அண்ணன்களே, யாராவது ஒருத்தர் இறங்கிப் போய்ப் பாருங்க. பாட்டில்ல அவர் கையெழுத்து இருக்கும். பார்த்துட்டு வந்து, இதே இடத்துல எழுதுங்க.

ஏழுமலை அண்ணே... நான் கூப்பிட்டேன், நீங்க போனீங்க. அவ்வளவுதான் நடந்தது. இனிமே யார் கேட்டாலும் சொல்லுவேன்.