பாதி நெற்றித் திருநீறு

வலப்புருவத்தின் மேல் தொடங்கும் திருநீறு, நெற்றி நடுவில் நின்றுவிடும். வள்ளியம்மையின் மூன்று விரல்களும் அதற்கு அப்பால் செல்வதில்லை. இடப்பாதி வெறுமையாக இருக்க, முருகன் படத்தைக் கும்பிட்டுவிட்டு, ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், வேலை பிரித்துக் கொடுக்கும் காலைப் பெரட்டுக்கு வந்து நிற்பார். "மிச்சத்த சாமி வச்சுக்கட்டும்" என்பார் கேட்பவர்களிடம்.

ஈராண்டுக்கு முன் அந்த இடப்பக்கத்தில், நெற்றி முதல் உச்சி வரை அக்கி கண்டது. மேல் லயத்து வரிசை வீட்டில் இருக்கும் முத்தையா, அக்கிக்கு வழக்கமான வைத்தியமாகக் காவி குழைத்துக் கொப்புளங்களின்மேல் சிங்கம் எழுதினார். புண் ஆறியது, எரிவு ஆறவில்லை. சீப்புப் பட்டாலும் காற்றுப் பட்டாலும் "தீக்குச்சியக் கொளுத்தி வச்சாப்புல" இருக்குமாம். கொழுந்துக் கூடையின் கயிறு தலையில் தங்க வேண்டியது. இவர் தோளில் மாட்டினார். நழுவும் கயிற்றை ஒரு கை பிடித்திருக்க, மறுகை மட்டுமே கொய்தது. நிறுவையில் கொழுந்து குறைந்தது. முழு நாள் உழைப்புக்கு அரைப்பேர், பாதிக் கூலிதான், விழுந்தது.

"என்ன வள்ளியம்மா, ஹேண்ட்பேக்க மாட்டிக்கிட்டு சினிமாவுக்கா?" என்பார் கங்காணி.

"ஆமாங்க, ஒங்களுக்கும் ஒரு டிக்கட் எடுக்கவா?"

இந்த மாதமும் இப்படியே போனால் கொழுந்து வேலையே இல்லை என்று கங்காணி எச்சரித்திருப்பது வள்ளியம்மையின் சிரிப்பில் தெரியாது.

நகரத்துக் கிளினிக் ஒன்றில் சிறு மாத்திரை கொடுத்தார்கள். ஐந்தாம் நாள் லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் கம்சலா மாத்திரை அட்டையைப் புரட்டிப் பார்த்தாள். "அத்தே, எங்க மாமா மனசு சோந்து கெடந்தப்ப குடுத்தது இதுதானே!"

வள்ளியம்மை அன்றே மாத்திரையை நிறுத்தினார். "வலி மண்டையில. மண்டைக்குள்ள நல்லாத்தான் இருக்கேன்" என்று முத்தையாவிடம் போய், கொப்புளமே இல்லாத நெற்றியில் மறுபடி சிங்கம் எழுதச் சொன்னார். ஈரக் காவி தொட்டதும் துடித்துப்போனார். முத்தையா கிண்ணத்தை மூடினார். "அக்கி போயிருச்சு புள்ள. இல்லாததுக்கு நான் என்னத்த எழுத? டாக்டரையே கேளு."

கேட்டார். "எனக்கு என்ன பைத்தியமா டாக்டரம்மா?"

"இல்லம்மா. புண் ஆறினது நரம்புக்கு இன்னும் தெரியல. மனச்சோர்வுக்குக் கூடுதலாக் குடுக்கிற மருந்து, கொஞ்சமாக் குடுத்தா அந்த நரம்ப அடக்கும். நாலு கிழமை, ஒரு மாசமாவது விடாமக் குடிக்கணும்."

"அத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கணும்" என்று டாக்டர் ஒத்துக்கொண்டார்.

இப்போது மாலை ஏழு மணிக்கு, விளக்கேற்றிய கையோடு மாத்திரை. பிந்தினால் காலையில் பெரட்டுக்குக் கண் திறக்காது. வாய் வறளும், கன்னத்தில் நெல்லிக்காய் அடக்கியிருப்பார். எரிவு முற்றும் நீங்கவில்லை. "நெருப்பு அணைஞ்சிருச்சு, தணல் கெடக்கு" என்கிறார்.

மருந்தை மீண்டும் தொடங்கிய ஐந்தாம் வாரத் திங்கள். மலைச்சரிவில் நிரை பிடித்தாயிற்று. கங்காணி பார்த்துக்கொண்டிருக்க, வள்ளியம்மை கயிற்றைத் தோளிலிருந்து கழற்றினார். மடித்த துணியை உச்சியில் வைத்து, வலப்பக்கம் முதலில் பதித்து, இடப்பக்கம் அங்குலம் அங்குலமாக இழுத்தார். கண்கள் இறுகின, நெல்லிக்காய் ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாறியது. பிறகு, இரண்டு கைகளும் கொழுந்துக்குப் போயின.